பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெய் எங்கிருந்து கசிந்தது?

எங்கள் பழைய மினிவேனின் ஸ்டீயரிங்கைக் காலையில் கடைசிவரை திருப்பும்போது முனகல் போன்ற ஓசை எழுந்ததையும், நிறுத்துமிடத்தில் உள்ளங்கையளவு சிவப்புக் கறை படிந்திருந்ததையும் கவனித்தேன். எஞ்சின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். இந்த வண்டியின் பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றுவது சிவப்பு நிற ஏடிஎஃப் (தானியங்கி கியர்பெட்டிக்கான எண்ணெய்) என்பதால், ஐயம் உடனே அங்கே சென்றது.

கசிவைத் தேடும்போது பலரும் செய்யும் தவறு, ஈரமாகத் தெரியும் பாகத்தையே பழுதானது என்று முடிவு செய்வதுதான். எண்ணெய் கீழ்நோக்கி வழிந்தும், ஓட்டத்தின் காற்றில் பின்னோக்கிச் சிதறியும் வேறோரிடத்தில் சொட்டும். என்னிடமும் முன்சக்கரங்களைத் திருப்பும் பற்சட்ட அமைப்பான, விலை மிகுந்த ஸ்டீயரிங் ரேக்கையே மாற்றச் சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, எஞ்சினை ஓடவிட்டு, என் தம்பி ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்ப, டார்ச் வெளிச்சத்தில் பொறுமையாகப் பார்த்தேன். பம்பிலிருந்து ரேக்குக்குச் செல்லும் உயர் அழுத்தக் குழாயில், ரப்பர் உலோகத்தோடு இணையும் இடத்தில் எண்ணெய் துளித்துளியாக வந்தது. அங்கே அழுத்தம் 1000 பிஎஸ்ஐயைத் தாண்டக்கூடும். ஆகவே எஞ்சின் ஓடும்போது அதைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது, கிளிப் போட்டு இறுக்குவதாலும் பயனில்லை.

புதிய குழாயையும், இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் பொருத்தி, முன்சக்கரங்களை ஸ்டாண்டில் உயர்த்தி, எஞ்சினை இயக்காமலே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 20 முறை திருப்பிக் காற்றை வெளியேற்றினேன். எண்ணெயில் நுரை அடங்கியதும் முனகலும் நின்றது. மூன்று வாரங்களாகத் தரையில் கறை இல்லை.