ஃப்ரிட்ஜ் நின்ற நொடி

நான் ஒலி வடிவமைப்பு செய்த 11 நிமிடக் குறும்படம் ஒன்றில், இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஒரே ஷாட்டில் ஓடும் காட்சி இருந்தது. சமையலறை மேசையில் ஒரு பெண் தனியாகச் சாப்பிடுகிறாள். சட்டகத்தின் இடது ஓரத்தில் சாத்திய கதவு பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. ஒளிப்பதிவாளர் முக்காலியில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, அவள் முகத்தில் ஃபோகஸை வைத்ததோடு சரி. ட்ராலியும் கிடையாது, குளோசப்பும் கிடையாது. "பயத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்" என்று இயக்குநர் என்னிடம் சொன்னார்.

அதை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். தாழ்ந்த முழக்கம், மெல்ல ஏறும் வயலின், கதவுக்குப் பின்னால் காலடி என எல்லாவற்றையும் அடுக்கினேன். கேமரா அசையாமல் நின்றால், கண் தானாகவே சட்டகத்தின் மூலைகளைத் துழாவத் தொடங்கும். ஆனால் எங்கே பயப்பட வேண்டும் என்பதை என் வயலின் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், பார்ப்பவருக்குத் துழாவ எதுவும் மிஞ்சவில்லை.

வெறுத்துப்போய் அத்தனையையும் அழித்தேன். அது இரண்டாவது தவறு. ஒலியே இல்லாத அந்த வடிவத்தைப் போட்டதும், படத்தொகுப்பாளர் ஸ்பீக்கர் இணைப்பைச் சரிபார்க்க எழுந்தார். வெறும் பூஜ்யம் காதுக்கு அமைதியாகத் தோன்றுவதில்லை, பழுதாகத்தான் தோன்றுகிறது. படப்பிடிப்புத் தளத்தில் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் இயல்பான ஓசையை, பதிவுசெய்வது இதற்காகத்தான். (அந்த ஒரு நிமிடத்துக்காக நான் கெஞ்சாத உதவி இயக்குநர் இல்லை.)

நல்லவேளையாக, படப்பிடிப்பு அன்று பதிவுசெய்த ரூம் டோன் இரண்டு இருந்தன. முதலாவதில் ஃப்ரிட்ஜின் ரீங்காரம் கலந்திருந்தது. அணைக்க மறந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டு, அணைத்தபின் எடுத்தது இரண்டாவது. ரீங்காரம் உள்ள பதிவைக் காட்சியின் தொடக்கத்திலிருந்தே ஓடவிட்டு, 90 நொடிகளில் 4 டெசிபல் அளவுக்கு மட்டும், யாரும் உணராத வேகத்தில் ஏற்றினேன். மாறாமல் கேட்கும் ஓசையைக் காது சிறிது நேரத்தில் கணக்கிலிருந்து விட்டுவிடும். அது நிற்கும்போதுதான் இருந்ததே தெரியவரும். எனவே அவள் கரண்டியைத் தட்டில் வைத்த பிறகு, ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் நிற்கும் சிறு உதறலோடு ரீங்காரத்தை அறுத்து, இரண்டாவது பதிவுக்கு மாறினேன். எந்த ஃப்ரேமில் அறுப்பது என்பதற்கே அரை நாள் போயிற்று: நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில், 3 ஃப்ரேம் தள்ளி அறுத்தால் கரண்டி ஓசையே அதை விழுங்கிவிட்டது, ஒரு முழு நொடி தள்ளினால் இரண்டுக்கும் தொடர்பற்றுப் போயிற்று, 14 ஃப்ரேமில் சரியாக உட்கார்ந்தது. அதன்பின் கேட்பதெல்லாம் அவளுடைய மூச்சு மட்டும். கதவு அசையவே இல்லை.

முன்னோட்டக் காட்சியில் நான் திரையைப் பார்க்காமல் பார்வையாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நொடியில் பல தலைகள் இடது பக்கம் திரும்பின. கதவு லேசாகத் திறந்ததைத் தாங்கள் பார்த்ததாகவே பிறகு இருவர் அடித்துச் சொன்னார்கள். ஃப்ரிட்ஜைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.