இதழியல் கல்லூரி தேடுகிறீர்களா? முதலில் அவர்கள் பத்திரிகையைக் கேளுங்கள்

இதழியல் படிப்புக்கு இடம் கேட்டுப் போகிறவர்களுக்கு எந்தக் கல்லூரியிலும் முதலில் காட்டுவது ஸ்டூடியோவைத்தான். பச்சைத் திரை, நாலைந்து விளக்குகள், செய்தி வாசிக்கும் மேசை. அதைப் பார்த்து முடித்ததும், மாணவர்கள் நடத்தும் பத்திரிகையின் அல்லது இணைய இதழின் கடைசி ஓராண்டுப் பிரதிகளைக் கேளுங்கள். "அனுப்பி வைக்கிறோம்" என்று சொல்லி, வராமலே போனால் அதுவும் ஒரு பதில்தான்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908-ல் இதழியல் பள்ளி தொடங்கியபோது, வகுப்புகள் ஆரம்பித்த அன்றைக்கே மாணவர்களின் செய்தித்தாளும் வெளிவந்துவிட்டது. எழுதி, அடி வாங்கி, திருத்தி, மறுபடி எழுதித்தான் இந்தத் தொழில் கைக்கு வருகிறது.

பிரதிகள் கிடைத்ததும் தேதிகளைப் பாருங்கள். மாத இதழ் என்று போட்டுவிட்டு வருடத்துக்கு இரண்டே வந்திருந்தால், கெடு நேரத்துக்குள் எழுதும் பழக்கம் அங்கே வராது. அடுத்து, ஏதாவது ஒரு செய்தியை எடுத்து, பெயர் சொல்லிப் பேசியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மூன்று பேர் இருந்து, அதில் ஒருவராவது எதிர்த்தரப்பு என்றால், எழுதியவர் நாற்காலியை விட்டு எழுந்து போயிருக்கிறார். ஆண்டு விழா, கருத்தரங்கு, சிறப்பு விருந்தினர் உரை என்றே பக்கங்கள் நிரம்பியிருந்தால் அதற்குப் பெயர் விளம்பர மலர். எழுதியவர்களின் பெயர்களையும் கவனியுங்கள். அறுபது பேர் படிக்கிற வகுப்பில் அதே நாலு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால், மீதிப் பேர் எழுதாமலே பட்டம் வாங்குகிறார்கள்.

கருவிகளுக்கு ஒரு சின்னக் கணக்கு. மூன்று மணி நேரச் செயல்முறை வகுப்பு, 60 மாணவர்கள், 6 கேமரா. ஒரு கேமராவுக்குப் பத்துப் பேர். ஆளுக்கு 18 நிமிடம். எத்தனை கேமரா இருக்கிறது என்பதை விட, அதை வெளியே எடுத்துப்போக விடுகிறார்களா என்பது முக்கியம். கருவி எடுத்துப்போகும் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைசிக் கையெழுத்து எந்தத் தேதியில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

பாடத்திட்டத்தில் பட்டத்தின் பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். காட்சித் தொடர்பியல், மக்கள் தொடர்பு, இதழியல் மூன்றும் வேறு வேறு. செய்தி சேகரிப்பு, செம்மையாக்கம், ஊடகச் சட்டம் ஆகியவை கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா என்று பாருங்கள். அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, பதிப்புரிமை பற்றிய சட்டங்கள் தெரியாமல் நிருபராகப் போவது ஆபத்து. எக்செல்லில் ஒரு பட்ஜெட் அட்டவணையைப் பிரித்துப் படிக்கக் கற்றுத்தந்தால் கூடுதல் மதிப்பெண் போடலாம்.

ஆசிரியர்களிடம் ஒரே கேள்வி: ஒரு பருவத்தில் ஒரு மாணவர் எத்தனை செய்தி எழுதுகிறார், அதில் எத்தனை வரிக்கு வரி திருத்தப்பட்டுத் திரும்பி வருகிறது? பிரபல பத்திரிகையாளர் வருகைதரு பேராசிரியர் என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். அவர் வருடத்துக்கு ஒரு முறை வந்து உரையாற்றிவிட்டுப் போவதும் உண்டு.

வேலைவாய்ப்புப் பட்டியலில் நிறுவனத்தின் பெயரை விடப் பதவியின் பெயரைப் படியுங்கள். நிருபர், உதவி ஆசிரியர் என்று எத்தனை பேர், விளம்பர வாசகம் எழுதப் போனவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்த்தால் படம் மாறிவிடும். இன்டர்ன்ஷிப்பை யார் ஏற்பாடு செய்கிறார்கள், எத்தனை வாரம், மாணவர் பெயரோடு எதாவது வெளியானதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, மாணவர் இதழ் அச்சுக்குப் போகும் முன் யார் ஒப்புதல் தருகிறார்கள்? இதை நிர்வாகத்திடம் கேட்டால் பதில் சுற்றி வளைத்து வரும். பழைய பிரதிகளில் கட்டண உயர்வோ, விடுதியில் தண்ணீர் வராததோ ஒரு தடவையாவது செய்தியாக வந்திருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.