மூடிவைத்த பக்கம்

தீவிரவாதக் குழுக்களையும் சதிக்கதைகளை நம்புபவர்களையும் தேடிப்போய்ப் பேசி எழுதப்பட்ட புலனாய்வு நூல்களைச் சில மாதங்களாகத் தொடர்ந்து வாசிக்கிறேன். இரவில் தொட்டால் தூக்கம் போய்விடுகிறது.

அறிவிலிகளைத்தான் சந்திக்கப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக் குழுவினரில் ஒருவர் இதய அறுவை மருத்துவர்! உயிரைக் காக்கப் பழகிய கை, குடை முனையால் அந்த நச்சுப் பையைக் குத்தியிருக்கிறது.

ஆனால் என்னை உலுக்கியது சாண்டி ஹூக். 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் அந்தத் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லாமே நாடகம், அழும் பெற்றோர் நடிகர்கள் என்று அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் அலெக்ஸ் ஜோன்ஸ் ஆண்டுக்கணக்கில் பரப்பினார். நம்பியவர்கள் அந்தப் பெற்றோருக்கே கொலை மிரட்டல் விடுத்தார்கள். ஒரு தந்தை தன் மகனின் இறப்புச் சான்றிதழை வெளியிட்டார். அதையும் போலி என்றார்கள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர், பிள்ளை இறந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருக்கிறது. எத்தனை பெரிய கொடுமை!

2022இல் நீதிமன்றங்கள் ஜோன்ஸுக்கு 100 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தன. சரிதான். எனக்கு மனம் ஆறவில்லை.

இவற்றை எழுதுபவர்களின் பொறுமை வியப்பளிக்கிறது. வெறுப்பைக் கக்குபவர் எதிரில் மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்டு, சொன்ன ஒவ்வொன்றையும் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். என்னால் முடியாது.

இத்தகைய நூல்கள் தமிழில் வந்திருந்தால் சொல்லுங்கள், நண்பர்களே.