மூன்றாம் எண் தலைக்கவசம்

பென்சில்வேனியாவின் சிற்றூர் ஒன்றில், உள்ளூர் வரலாற்றுச் சேகரிப்பின் பொருள்களைப் பதிவுசெய்யும் வேலையில் சேர்ந்தேன். முதல் மாதமே ஒரு தவறு செய்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் டின்டைப் படம் அது; உலோகத் தகட்டின்மேல் எடுத்த பழங்காலப் புகைப்படம். தீயணைப்பு வீரர் ஒருவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். தலைக்கவசம் தலையில் இல்லை, முழங்கால்மேல் இருக்கிறது. அதன் முன்னால் பொருத்திய தோல் வில்லையில், அவருடைய தீயணைப்பு நிறுவனத்தின் எண்ணான 3 இடவலம் மாறித் தெரிந்தது. ஸ்கேன் செய்ததில்தான் பிழை என்று எண்ணி, கணினியில் படத்தைத் திருப்பிச் சேமித்துவிட்டேன்.

மூத்த காப்பாளர் கடிந்துகொள்ளவில்லை. தகட்டை எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்தார். தகட்டிலேயே எண் மாறித்தான் இருந்தது. டின்டைப்புக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஒளிபட்ட அந்தத் தகடுதான் படம். ஆகவே கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் பக்கம் மாறியிருக்கும். "பொருள் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவாகட்டும். வாசிக்க வசதியான பிரதியைத் தனியாக வையுங்கள்" என்றார். அன்று முதல் திரையைப் பார்ப்பதற்கு முன் தகட்டைப் பார்க்கிறேன்.

பெயரில்தான் டின்; உண்மையில் அது கறுப்பு மெருகு பூசிய மெல்லிய இரும்புத் தகடு. ஒஹையோவைச் சேர்ந்த ஹாமில்டன் ஸ்மித் 1856இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். விலை மலிவு என்பதால் கொல்லரும் தச்சரும்கூடத் தங்கள் முகத்தைப் பதித்துக்கொள்ள முடிந்தது. பூதக்கண்ணாடி வழியாக அந்த வீரரை மறுபடி பார்த்தேன். சட்டை கரியாக இருந்தது. துக்க உடையோ என்றுகூட நினைத்தேன். அக்காலத் தன்னார்வ வீரர்களின் பெருமையே சிவப்புச் சட்டைதான். தகட்டில் பூசிய கொலோடியன் கலவை சிவப்பு ஒளியை அநேகமாக உணராது, சிவப்பெல்லாம் கறுப்பாகிவிடும். அதனால்தானோ என்னவோ, வண்ணம் தீட்டியவர் கன்னங்களில் இளஞ்சிவப்பையும் பொத்தான்களில் பொன்னிறத்தையும் நுனித் தூரிகையால் தொட்டுவைத்திருந்தார். நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியின் அடிப்பாகம் தெரிகிறது. சில விநாடிகள் தலை அசையாமல் இருக்க, பின்னாலிருந்து பிடித்த தாங்கி அது.

இதே 3ஆம் எண் கொண்ட தலைக்கவசம் ஒன்றும் எங்கள் சேகரிப்பில் இருந்தது. கெட்டியான தோல். உச்சியிலிருந்து விளிம்புவரை ஓடும் எட்டு மேடுகள். பின்விளிம்பு வாத்தின் அலகுபோல் நீண்டு, நீர் கழுத்துக்குள் இறங்காமல் முதுகுக்கு அப்பால் வழிந்துபோகும்படி செய்தது. இந்த அமைப்பை நியூயார்க்கில் நிலைபெறச் செய்த ஹென்றி கிராட்டகாப் பயணப் பெட்டிகள் செய்தவர். தாமும் தன்னார்வத் தீயணைப்பு வீரர். தோலின் குணம் தெரிந்த கையும் தீயின் குணம் தெரிந்த தலையும் ஒருவரிடமே இருந்தன. பெட்டியைத் திறந்தபோது நைட்ரைல் கையுறையில் செங்கல் நிறத் தூள் ஒட்டியது. அமிலம் அரித்த பழைய தோல் இப்படித்தான் பொடியாக உதிரும். துடைக்கக் கூடாது, அமிலமற்ற தாளை உள்ளே திணித்து வடிவத்தைத் தாங்கவைக்க வேண்டும்.

ஃபிலடெல்ஃபியா நகரின் தன்னார்வத் தீயணைப்பு நிறுவனங்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. ஊர்வலங்களுக்கென்று அழுத்திய கம்பளி நாரில் உயரமான தொப்பிகள் செய்து, அவற்றின்மேல் வாஷிங்டன், ஃபிராங்க்ளின் உருவங்களைத் தீட்டி அணிந்தார்கள். அந்நகரத் தீயணைப்பு நிறுவனங்களுக்கு ஓவியம் தீட்டியவர்களில் ஒருவர் டேவிட் பஸ்டில் பவுசர் என்ற கறுப்பினக் கலைஞர். அதே நகரில் 1818இல் கறுப்பினத்தார் தங்களுக்கென ஒரு தீயணைப்புச் சங்கம் தொடங்க முயன்றபோது, வெள்ளையர் நிறுவனங்கள் எதிர்த்து அதை முளையிலேயே கிள்ளிவிட்டன. எங்கள் தகடுகளில் வரிசையாகத் தெரியும் முகங்களைப் பார்க்கும்போது இது நெஞ்சை உறுத்துகிறது. அந்தப் படங்களில் யார் இல்லை என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும் என்று கேட்டேன், காப்பாளர் ஒப்புக்கொண்டார். 1871இல் அந்நகரம் சம்பளப் படைக்கு மாறியதும் தன்னார்வ நிறுவனங்களின் காலம் முடிந்தது.

நான் பதிவுசெய்த படங்களில் பெரும்பாலானவற்றில் தலைக்கவசத்தின் வில்லை கேமராவை நோக்கியே திரும்பியிருக்கிறது. சம்பளமில்லாமல் நள்ளிரவில் ஓடியவர்கள் எண் தெரிய உட்கார்ந்தார்கள். பெயரைப் பின்பக்கம் கீறிவைக்கத் தோன்றவில்லை. எண் மிஞ்சியது, பெயர் போயிற்று. எனக்கு மனம் ஆறவில்லை.

போன வாரம் தலைக்கவசத்தின் உட்பட்டையை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தேன். வியர்வைக் கறைக்கு அடியில் மசியில் இரண்டு எழுத்துகள் இருந்தன: ஜே, எச். நிறுவனத்தின் பழைய உறுப்பினர் பட்டியலில் அந்த முதலெழுத்துகளோடு மூன்று பேர் இருக்கிறார்கள். படத்தில் இருப்பவர் அவர்களில் ஒருவரா என்பதற்குச் சான்றில்லை. தலைக்கவசத்தின் பதிவில் மூவர் பெயரையும் எழுதினேன். படத்தின் பதிவில் பெயருக்கான கட்டத்தைக் காலியாகவே விட்டு, தலைக்கவசத்தின் பதிவு எண்ணைக் கீழே சேர்த்தேன்.