டார் எஸ் சலாமுக்கு ஏப்ரலில் போகாதீர்கள்

குடும்பத்தோடு வெளிநாடு என்றால் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த தேதி ஒன்றுதான்: முழுப்பரீட்சை முடிந்த மறுநாள். ஏப்ரல் கடைசி இல்லாவிட்டால் மே. தான்சானியாவின் டார் எஸ் சலாமுக்கு அந்தக் கணக்கில் டிக்கெட் தேடினால் மனசு குளிர்ந்துபோகும். கடற்கரை விடுதிகளெல்லாம் விலையைக் குறைத்திருப்பார்கள். எதிரே உள்ள சான்சிபார் தீவில் சில விடுதிகள் ஜூன் வரை பூட்டியே கிடக்கும். டார் எஸ் சலாமில் எனக்குச் சித்தப்பா மகன், அண்ணன் முறை, ஒருவர் இருக்கிறார், உபாங்கா பகுதியில் குடியிருக்கிறார். போனில் பட்டென்று சொல்லிவிட்டார்.

"ஏப்ரல்ல வர்றதா இருந்தா தாராளமா வா. எங்க பால்கனில உக்காந்து மழை பாரு. அதத் தவிர வேற எதையும் காட்ட முடியாது."

அந்த மழைக்கு அங்கே மசிகா என்று பெயர். மார்ச்சில் தொடங்கி மே வரை பெய்யும், உச்சம் ஏப்ரல். டார் எஸ் சலாமில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,100 மி.மீ., சென்னையைவிடக் குறைவுதான். ஆனால் ஏப்ரல் ஒரு மாதத்தில் மட்டும் 200 மி.மீ.க்கு மேல் கொட்டித் தீர்க்கும். ஊருக்கு நடுவே ம்சிம்பாசி என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் பள்ளத்தாக்கில் ஜங்வானி என்ற தாழ்வான இடம். நகரத்தின் முதன்மைச் சாலையான மொரொகோரோ சாலை அதைக் குறுக்கே கடந்துதான் போகிறது. ம்வெண்டோகாசி எனப்படும் தனித்தடப் பேருந்துகள் 2016இல் ஓடத் தொடங்கியபோது அவற்றின் பணிமனையையும் அதே பள்ளத்தில்தான் கட்டினார்கள். கனமழை பெய்தால் சாலை அடைபடும், பேருந்து நிற்கும், ஊர் இரண்டாகப் பிரியும். வேளச்சேரிக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

வெப்பநிலை அட்டவணையைப் பார்த்து இந்த ஊருக்குத் திட்டம் போட முடியாது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைகூடத் தெற்கே இல்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. பிப்ரவரியில் பகலில் 32, 33 பாகை, ஜூலையில் 29. அட்டவணையில் பார்த்தால் எல்லா மாதமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அங்கே வருஷத்தைப் பிரிப்பது காற்று. டிசம்பர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வருவது கஸ்காசி. ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருவது கூசி. ஒரு காற்று ஓய்ந்து மற்றது நிலைகொள்ளும் இடைவெளிகளில்தான் மழை: மார்ச் முதல் மே வரை பெருமழையான மசிகா, அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை சிறுமழையான வுலி.

இதில் நமக்கும் பங்கு உண்டு. கூசிக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் சோமாலியக் கரையோரம் வளைந்து, அரபிக்கடலைக் கடந்து, ஜூனில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையாக இறங்குகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் அந்தக் காற்றின் வால் டார் எஸ் சலாமின் தென்னைகளை ஆட்டிக்கொண்டிருக்கும். கஸ்காசி நம் பக்கத்து வாடைக்காற்றின் தொடர்ச்சி. கட்ச் வளைகுடாவிலிருந்தும் ஓமானிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் நூற்றாண்டுக் கணக்கில் கஸ்காசியில் இறங்கி, சரக்கு மாற்றி, கூசி பிடித்துத் திரும்பியிருக்கின்றன. அவர்கள் போட்டது டிக்கெட் விலை பார்த்துப் போட்ட திட்டமில்லை. தவறவிட்டால் அடுத்த காற்று வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் தெரிந்தபின் எங்கள் வீட்டில் மாதத்தேர்வு நடந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் கிபுப்வே, அதாவது குளிர்ந்த வறண்ட காலம். இரவில் 19 பாகைக்கு இறங்கும், உள்ளூர்க்காரர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டாலாடாலா எனப்படும் ஷேர் வேனில் ஏறுவார்கள். நடந்து ஊர் சுற்ற அதைவிட நல்ல காலம் இல்லை. ஜூலை 7, சபாசபா என்ற அரசு விடுமுறை நாளையொட்டி பெரிய வணிகக் கண்காட்சியும் உண்டு. ஆனால் கூசி உச்சத்தில் இருக்கும். சான்சிபார் படகு இரண்டு மணி நேரமும் தூக்கித் தூக்கிப் போடும் என்று அண்ணி எச்சரித்தார். ஜனவரி, பிப்ரவரியில் கடல் கண்ணாடியாகக் கிடக்கும், முத்துக்குளிப்பவர்போல அடி வரை பார்க்கலாம். அதற்கு விலை புழுக்கம். இரவிலும் 25 பாகைக்குக் கீழே இறங்காது, மின்விசிறி வெக்கையைத்தான் இறைக்கும். தவிர, ரமலான் ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து இப்போது பிப்ரவரியில் வந்து விழுகிறது. சான்சிபாரில் பகல் நேரத்தில் சாப்பாட்டுக் கடை தேடுவது சிரமம்.

மாம்பழம் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் டிசம்பர். அங்கே மாம்பழத்துக்கு நவம்பர் முதல் ஜனவரி வரைதான் காலம். நமக்கு மே மாதத்தில் பூக்கும் செம்மயிற்கொன்றை அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் தெருவெல்லாம் சிவக்கும். ஆனால் வுலியை நம்ப முடியாது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி வழக்கத்தைவிடச் சூடாகிவிட்டால் வுலி பெருமழையாகிவிடும், 2019இல் அப்படித்தான் நடந்தது. 2011 டிசம்பர் வெள்ளம் அந்த ஊர் பல பத்தாண்டுகளில் பார்த்திராதது. 2022இல் நேர்மாறாக வுலி தாமதித்து, ஊருக்குத் தண்ணீர் தரும் ரூவு ஆறு வற்றி, குழாய்த் தண்ணீருக்கு முறை வைத்தார்கள்.

கடைசியில் தேறியது காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் வாரமும். கூசி தளர்ந்திருக்கும், வுலி தொடங்கியிருக்காது, விடுதிகளில் ஐரோப்பியக் கோடை விடுமுறைக் கூட்டம் வடிந்திருக்கும். நம் பள்ளிக்கூட நாட்காட்டி அந்த ஊருக்கென்றே ஒரு விடுமுறை ஒதுக்கி வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏப்ரலைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா வழியாகவோ மும்பை வழியாகவோதான் போக வேண்டும்.

போய் இறங்கியபின்தான் அண்ணன் இன்னொரு கணக்கைச் சொன்னார். "மாசத்தப் பாத்துட்ட. திதியப் பாத்தியா?"

எங்கள் கடலில் ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியாது. சென்னையில் உச்சபட்சம் ஒரு மீட்டர் சொச்சம். டார் எஸ் சலாமில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டருக்கு மேல் நீர் ஏறி இறங்குகிறது. அப்படிப்பட்ட நாளொன்றில் காலை பத்து மணிக்குக் கோகோ பீச்சுக்குப் போனோம். கடல் இல்லை. பாறையும் பாசியும் ஈர மணலுமாக வெகுதூரம் தரை தெரிந்தது, அதற்கப்பால் ஒரு நீலக் கோடு. என் மனைவிக்கு நாகப்பட்டினம் பக்கம். பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலைக்கே போய் நின்றுவிட்டாள். முகம் வெளிறிவிட்டது. 2004இல் கடல் உள்வாங்கியதை அவள் வீட்டில் கதையாகச் சொல்வதில்லை, அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். அந்த அலை இந்தக் கரைக்கும் வந்து சில உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. அண்ணி அவள் தோளில் கைபோட்டு, தரையில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்களையும், குச்சியால் பாறை இடுக்கில் குத்தி எதையோ தேடிக்கொண்டிருந்த பெண்களையும் காட்டினார். "இது தினமும் நடக்கிறதும்மா. சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பாரு, இந்த இடத்துல கழுத்தளவு தண்ணி நிக்கும்." மாலை வந்து பார்த்தோம், நின்றது. ஆனாலும் அன்று அவள் பையனைத் தண்ணீரில் விடவில்லை.

பாறை இடுக்கில் அந்தப் பெண்கள் தேடியது பேய்க்கணவாய். நீர் நன்றாக வற்றும் திதிகளில்தான் அது கைக்கு அகப்படும். மாகோகோனி மீன் சந்தையிலும் நிலவுக்கணக்குதான் ஓடுகிறது. விளக்கு கட்டிப் பிடிக்கிற டகா என்ற பொடி மீன் இருட்டு ராத்திரிகளில் குவியும். பௌர்ணமி வாரத்தில் நிலா வெளிச்சத்தில் விளக்குக்கு மீன் வராது. கூசி ஓங்கி அடிக்கும் நாட்களில் சின்னப் படகுகள் வெளியே போவதில்லை, மீன் விலை ஏறிவிடும். நாங்கள் போன காலத்தில் கடல் அடங்கியிருந்ததால் சந்தை நிறைந்திருந்தது. ஏலம் விடுகிற சத்தத்தில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் காசிமேட்டில் நின்றவனுக்கு அங்கே வழிதெரியாமல் போகாது. வாங்கிய மீனை அங்கேயே பெரிய இரும்புச் சட்டியில் பொரித்துத் தருகிறார்கள்.

ம்புட்யா தீவுக்குப் போகும் நாளை இந்த முறை நாள்காட்டி பார்த்தே முடிவு செய்தோம். குண்டுச்சி பக்கத்திலிருந்து மோட்டார் படகில் கொஞ்ச நேரம்தான். கடல்வாழ் உயிர்களுக்கான காப்பகம், வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் அந்தக் கரையில் நீர் ஏறக்குறைய காலை பத்து, பதினொன்றுக்கு வற்றி மாலை நாலு, ஐந்துக்கு நிறையும். அட்டமி வாக்கில் அது தலைகீழாகும், ஏற்ற இறக்கமும் குறைவு. பிள்ளைகளோடு போகிறவர்கள் அட்டமியை ஒட்டிப் போவது உத்தமம். காலையில் நீந்தலாம், முள்ளெலிபோல் பாறையில் ஒட்டியிருக்கும் கடல்முள்ளி காலில் குத்தாது. பயணத்துக்கு அட்டமி ஆகாது என்று அம்மா போனில் சொன்னார். அதை அண்ணன் கேட்டுச் சிரித்தார். தீவில் பெருக்கமரங்கள், ஓலைக் கொட்டகைகள், எலுமிச்சை பிழிந்த சுட்ட மீன், சிப்ஸ். என் மனைவி அங்கேதான் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கினாள்.

வறண்ட காலத்தில் போனதன் முழுப்பலன் மிகுமியில் தெரிந்தது. அந்தத் தேசியப் பூங்கா டார் எஸ் சலாமிலிருந்து மேற்கே 300 கி.மீ.க்குள்தான். 2024இல் தொடங்கிய மின்சார ரயிலில் மொரொகோரோ வரை இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், பிறகு சாலை. ஜன்னலோரம் உலுகுரு மலை மேகம் போர்த்தியிருந்தது, கீழே மற்றதெல்லாம் வைக்கோல் நிறம். மழை முடிந்த மே, ஜூனில் வந்தால் ஆளுயரப் புல்லில் யானைகூட மறைந்துகொள்ளும் என்று ஓட்டுநர் சொன்னார். செப்டம்பர் கடைசியில் புல் காய்ந்து சாய்ந்துவிடுகிறது, குட்டைகள் சுருங்கிவிடுகின்றன, விலங்குகளே தண்ணீரைத் தேடி வந்து நிற்கின்றன. ஒரே குட்டையில் யானையும் எருமையும் வரிக்குதிரையும் முறைபோட்டுக் குடித்தன. பசுமையான புகைப்படம் வேண்டும் என்றால் இது அதற்கான காலமில்லை. தூசி மூக்கிலும் கேமராவிலும் புகுந்துகொள்ளும். தெற்கே உள்ள நியெரெரே தேசியப் பூங்காவில் ஏப்ரல், மே மாதங்களில் பல முகாம்களை மூடியே விடுகிறார்கள், வண்டிகள் கரிசல் சேற்றில் புதைந்துவிடுமாம்.

சான்சிபார் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். படகைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: காலைப் படகில் போங்கள். பிற்பகலில் காற்று வலுக்கும். போகும்போது பையன் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு திமிங்கிலம் தேடினான். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஜூலை தொடங்கி அக்டோபர் வரை இந்தக் கரையோரம் வருவதுண்டு. எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பும்போது மாலைப் படகில் வந்தோம், தேடுகிற நிலைமையில் யாரும் இல்லை.

செப்டம்பர் கடைசிக்கு இன்னொரு சௌகரியம், நவராத்திரி பெரும்பாலும் அந்த ஒட்டில் வந்துவிடும். கிசுட்டு, உபாங்கா பக்கம் தலைமுறைகளாக வாழும் குஜராத்திக் குடும்பங்கள் கர்பா ஆடுவார்கள். அண்ணி சின்னதாகக் கொலு வைத்திருந்தார், படியில் மாகோண்டே இனத்தவர் செதுக்கும் கருமரச் சிற்பம் ஒன்றும் ஏறியிருந்தது. சுண்டலுக்குக் கொண்டைக்கடலை காரியாகூ சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது.

கொசு விஷயத்தில் வறண்ட காலத்தை நம்பி அலட்சியம் வேண்டாம். மழைக்குப் பின்தான் மலேரியா கூடும் என்றாலும் ஆண்டு முழுக்க உண்டு. கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசித் தடுப்பு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். குடையை விட்டுப் போகலாம், தொப்பியை விடக் கூடாது. அக்டோபர் பத்தை ஒட்டி நடுப்பகலில் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கிறது. தெருவில் கம்பங்களுக்கே நிழல் இருக்காது.

அடுத்த பயணம் தெற்கே உள்ள மாஃபியா தீவுக்கு. திமிங்கிலச் சுறாக்கள் அங்குள்ள கிலிண்டோனி கரைக்கு வருவது அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, ஆக அரையாண்டு விடுமுறைதான் பொருந்துகிறது. வுலி அதற்குள் அடங்கியிருக்குமா என்பதுதான் வீட்டில் சண்டை. "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மட்டும் வந்துடாத, கிளிமஞ்சாரோ அடிவாரத்து மோஷிக்காரங்க பூராம் ஊருக்குக் கெளம்புவாங்க" என்கிறார் அண்ணன். தீவுக்குச் சின்ன விமானம்தான், இருக்கையும் கொஞ்சம்தான். ஆகஸ்டுக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார்.