பத்து மணி வெயிலும் ஒரு தண்ணீர்ப்பந்தலும்

கட்டடக்கலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு ஸ்டூடியோ வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த வேலை சின்னதுதான். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், மூங்கில், குழுவுக்கு ஐந்து பேர், எல்லாம் நம் கையாலேயே கட்ட வேண்டும். என்ன கட்டுவது என்பது உங்கள் பாடு என்றுவிட்டார்கள். பக்கத்துக் குழு பறவை பார்க்கும் குடில் என்றது. நான் தண்ணீர்ப்பந்தல் என்றேன். தைப்பூசத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் வருடா வருடம் பந்தல் போடுகிறவர் என் மாமா. கட்டியதைப் புல்வெளியில் விட்டு மக்கவைக்காமல் அவரிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

குழுவில் நான், ஒரு ஜொகூர்காரி, ஈப்போவிலிருந்து வந்த சீனப் பையன், கெடாவிலிருந்து இரண்டு பேர். தண்ணீர்ப்பந்தல் என்றால் என்ன என்று விளக்க வாயெடுத்தேன். கெடாக்காரர்களில் ஒருவன், "சின்ன வயசில் நான் மோர் வாங்கிக் குடித்திருக்கிறேன், நீ வரை" என்றான்.

கால்களுக்குப் பெத்தோங் மூங்கில், மேலே மெல்லிய செமந்தான். முதல் நாளே ஆணி அடித்து இரண்டு கழிகளைப் பிளந்தோம். மூங்கிலுக்கு நார் எல்லாம் நீளவாக்கில்தான். ஆணி ஆப்பு மாதிரி உள்ளே இறங்கி, டப்பென்று ஒரே கோடாக வாய் திறந்துவிடும். அப்புறம்தான் கணுவை ஒட்டி டிரில்லால் துளை போட்டு போல்ட் மாட்டக் கற்றுக்கொண்டோம். கணுவுக்குள் தடுப்பு இருப்பதால் அங்கே சுவர் நசுங்காது. நட்டை முறுக்கும்போது மூங்கில் லேசாக முனகும். அந்தச் சத்தம் வந்தால் கையை நிறுத்திவிட வேண்டும். கால்கள் ஈரத் தரையைத் தொடக் கூடாது என்று இருபது லிட்டர் பெயிண்ட் வாளிகளில் கான்கிரீட் ஊற்றி நிறுத்தினோம். ஒவ்வொன்றும் 45 கிலோவுக்குக் குறையாது. நகர்த்தியவர்களுக்குத் தெரியும்.

ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறைவு, வெயில்தான் எதிரி. அதனால் நிழலைத்தான் முதலில் பார்த்தோம். காவடிக் கூட்டம் காலையில் அதிகம், பந்தலின் திறந்த பக்கமோ கிழக்கு. எந்த மாதம் எத்தனை மணிக்குச் சூரியன் எங்கே நிற்கும் என்று காட்டும் சூரியப்பாதைப் படத்தில் பிப்ரவரி, காலை 10 மணி என்று விரல் வைத்தால் சூரியன் 53 டிகிரி உயரத்தில். கூரை விளிம்பு 2.4 மீட்டரில் இருந்தால் வெயில் 1.8 மீட்டர்தான் உள்ளே வரும். ஐஸ் டிரம்களைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அழகான கணக்கு. அதை வரைந்தது நான்தான், சொல்லிவிடுகிறேன்.

மதிப்பீட்டு நாள், காலை பத்து. திசை பார்த்துப் புல்வெளியில் நிறுத்தியிருந்தோம். வெயில் பின்கால் வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. விரிவுரையாளர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்திலிருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் வைத்துவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், எண்கள் சரியாகத்தான் இருந்தன. கெடாக்காரன்தான் கேட்டான்: "இங்கே சூரியன் உச்சிக்கு வருவது எத்தனை மணிக்கு?" பன்னிரண்டு என்றேன். "அப்படியென்றால் ஸொஹோர் ஏன் ஒன்றரைக்கு மேல் வருகிறது? உச்சி சாய்ந்த பிறகுதானே அந்தத் தொழுகை?" என்று போனை நீட்டினான். 1:30-ஐத் தாண்டிய ஒரு நேரம் திரையில் இருந்தது.

அந்தப் படம் சூரிய நேரத்தில், அதாவது சூரியன் உச்சிக்கு வருவதையே பன்னிரண்டு என்று வைத்துப் போட்டது. நம் கடிகாரமோ 120 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, பினாங்கு இருப்பது 100-இல். டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால் 80 நிமிடம், பிப்ரவரியில் சூரியனே இன்னொரு 14 நிமிடம் பின்தங்கும். ஆக, நம் பத்து மணி சூரியனுக்கு எட்டரைதான். 53 இல்லை, 34 டிகிரி. வெயில் 1.8 மீட்டர் இல்லை, மூன்றரை. எங்கள் பந்தலின் ஆழமே மூன்று.

மாமாவிடம் புலம்பினேன். "எண்பத்திரண்டுக்கு முன்னாடி இவ்வளவு மோசமில்லை புள்ள" என்றார். 1982 ஜனவரி முதல் தேதிதான் கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் நேரத்தோடு சேர்க்க இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதற்குப் பிறகு இருட்டோடு எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்பது அவருடைய நாற்பது வருடக் குறை. அதை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் பந்தலைப் பார்க்கவே வந்தார்.

கூரையை நீட்டலாமா, திசையைத் திருப்பலாமா என்று நாங்கள் மூன்று மாற்று வரைபடம் வைத்திருந்தோம். மாமா எதையும் விரித்துப் பார்க்கவில்லை. "ஒரு தட்டி கட்டு. வெயில் வந்தா இறக்கு, போனா சுருட்டு." நீப்பா பனையோலையில் முடைந்த அத்தாப்பு வாங்கி, இடுப்புயரத்துக்குமேல் தொங்கும்படி கட்டினோம். அடியில் கையை நீட்டினால் டம்ளர் கொடுக்கலாம். அப்புறம், விளிம்பில் அழகுக்காக இரண்டடி நீட்டி விட்டிருந்த கழி முனைகளைக் காட்டி, "காவடியோட மயிலிறகு இதுல மாட்டும், அறுத்துடுங்க" என்றார். ஈப்போ பையன் முகம் தொங்கிவிட்டது. அந்த முனைகளுக்காகத்தான் அவன் இரண்டு இரவு மாடல் செய்திருந்தான். அவனே ரம்பத்தை எடுத்து அறுத்தான்.

மதிப்பெண் பி. சரி, விடுங்கள்.

தைப்பூசத்தன்று காலை எட்டு மணிக்கே தட்டியை இறக்கிவிட்டோம். அத்தாப்பு இடுக்கு வழியாக விழுந்த வெயில் ஐஸ் டிரம் மூடியில் புள்ளி புள்ளியாக நின்றது. ஜொகூர்காரி மோர் ஊற்ற, ஈப்போ பையன் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே இருந்தான். ஒன்றரை தாண்டியதும் கெடாக்காரர்கள் இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார்கள். மாமா அவர்கள் போவதைப் பார்த்தார், தலையைத் தூக்கிச் சூரியனைப் பார்த்தார், தட்டியைச் சுருட்டிக் கட்டச் சொன்னார்.