11 பொட்டலங்கள்

24 நாட்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயாக வேண்டும் என்று உறுதியானதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவன் நீலன்தான். 20 லிட்டர் தொட்டியில் தன்னந்தனியாக ராஜ்யம் நடத்தும் ஆண் ஃபைட்டர் மீன். பூனையோ கிளியோ என்றால் யார் வீட்டிலாவது கொண்டுபோய் விடலாம். இவனை விடுவதென்றால் தண்ணீர், மணல், செடி, ஃபில்டர், ஹீட்டர் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்க வேண்டும். ஆகவே தொட்டி அசையாது, வேறு யாராவது வந்து போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் பயம் பசியைப் பற்றியது. அது பாதி வீண் பயம். மீன் தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள ஆற்றலைச் செலவழிப்பதில்லை. ஆரோக்கியமான வளர்ந்த மீன் சில நாட்கள், ஏன் ஒரு வாரம்கூட, உணவில்லாமல் தாங்கிவிடும். நான் ஐந்து நாள் பயணம் என்றால் எதுவும் செய்யாமலே கிளம்பியிருப்பேன். 24 நாட்களுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

தானாக உணவு போடும் கருவி ஒன்றை வாங்கினேன். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அதைத் தொட்டியில் மாட்டிச் சோதித்தது என் வாழ்வின் புத்திசாலித்தனமான செயல்களில் ஒன்று. முதல் மூன்று நாட்கள் ஒரு குருணைகூட விழவில்லை. தண்ணீர் 26 டிகிரிச் சூட்டில் இருந்ததால் மேலெழுந்த ஈரம் கருவியின் உருளைக்குள் புகுந்து, உள்ளே இருந்ததையெல்லாம் கட்டியாக்கிவிட்டது. நான்காம் நாள் அந்தக் கட்டி முழுசாகத் தண்ணீரில் விழுந்தது. உடனே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தும் என்ன பயன்? மாலையில் அம்மோனியா சோதனைக் குழாயில் எப்போதும் தெரியும் மஞ்சள் நிறம் பச்சையை நோக்கி நகர்ந்திருந்தது; தண்ணீரில் நஞ்சு ஏறுகிறது என்று அர்த்தம். அன்று நான் ஊரில் இல்லாமல் இருந்திருந்தால்?

மெதுவாகக் கரையும் என்று விற்கப்படும் உணவுக் கட்டியையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன்; இரண்டே நாளில் தண்ணீர் கஞ்சி போலக் கலங்கியது. தவிர, மேல்நோக்கிய வாயோடு பிறந்து மேற்பரப்பிலேயே தின்று பழகியவன், அடியில் கிடக்கும் கட்டியைத் தேடிப் போவான் என்று யார் சொன்னது?

கடைசியில் ஒரு தோழி வர ஒப்புக்கொண்டாள். மீன் வளர்த்த அனுபவம் கிடையாது. மூன்றாம் நாள் தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் வர வேண்டும். கணக்குப் பார்த்து 11 பொட்டலங்கள் மடித்தேன், ஒவ்வொன்றிலும் ஐந்து குருணைகள். உணவு டப்பாவை எடுத்து அலமாரிக்குள் பூட்டினேன். நட்பின் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. கண்ணாடிக்கு அருகில் வந்து வாலாட்டிப் பிச்சை கேட்பதில் நீலனுக்கு நிகர் யாருமில்லை; அந்த நடிப்புக்கு நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த தோழி, “இவ்வளவுதானா? பாவமாக இருக்கிறதே” என்றாள். தின்னாமல் விட்டது அழுகினால் அம்மோனியா உண்டாகும், ஃபில்டர் பஞ்சில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும், அவற்றின் வேகத்தை மிஞ்சிக் குப்பை சேர்ந்தால் மீன் தன் வீட்டுக்குள்ளேயே நஞ்சில் நீந்தும் என்று விளக்கினேன். பாதியிலேயே அவள் கண்கள் சொருகின. “அதிகம் போட்டால் செத்துவிடுவான்” என்று சுருக்கினேன். அது புரிந்தது.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு கால் பங்கு தண்ணீரை மாற்றினேன். கடைசி இரவில் மாற்றாததற்குக் காரணம், ஏதாவது பிசகினால் பார்க்க நான் இருக்க வேண்டும் என்பதுதான். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தேன். குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்த நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். விளக்குக்கு டைமர் வைத்தேன், இல்லாவிட்டால் பாசி படர்ந்துவிடும். ஃபைட்டர் துள்ளிக் குதிக்கும் ஜாதி என்பதால் மூடியில் இருந்த இடைவெளியை அடைத்தேன். ஆனால் அவன் மேலே வந்து காற்றையும் சுவாசிப்பவன், ஆகவே நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே இடம் விட்டேன். ஹீட்டர் வெளியே தெரியாதபடி நீர்மட்டம் எதுவரை இறங்கலாம் என்று கண்ணாடியில் ஒரு பட்டை ஒட்டினேன். அதற்குக் கீழே போனால் ஊற்ற, குளோரின் நீக்கிய தண்ணீர் ஒரு கேனில் தயாராக இருந்தது.

ஒன்பதாம் நாள் கைபேசியில் ஒரு படம் வந்தது. செடியின் இலைமேல் நீலன் ஒருக்களித்துக் கிடந்தான். கீழே, “போய்விட்டான் என்று நினைக்கிறேன். என்னை மன்னித்துவிடு.” எனக்குக் கை நடுங்கியது. பிறகுதான் மூளை வேலை செய்தது: இலையில் சாய்ந்து ஓய்வெடுப்பது இவனுடைய பழைய வழக்கம், நான்தான் அவளிடம் சொல்ல மறந்திருக்கிறேன். “கண்ணாடியை மெல்லத் தட்டிப் பார்” என்றேன். அடுத்த நிமிடம் ஒரு வீடியோ வந்தது. தூக்கம் கலைந்த கோபத்தில் செவுளை விரித்துக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் தாளில் எழுதி ஒட்டியவன், இந்த ஒரு வரியை விட்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது மேசைமேல் பிரிக்காத பொட்டலம் ஒன்று மிச்சம் இருந்தது. கேட்டேன். “ஒரு நாள் வந்தபோது, முந்தைய முறை போட்டதில் இரண்டு குருணைகள் தொட்டியின் அடியில் கிடந்தன. அதனால் அன்று போடவில்லை” என்றாள். என் விளக்கத்தில் தூங்கியவள்!

நீலன் சற்று மெலிந்திருந்தான், நிறம் மங்கவில்லை. அம்மோனியா மஞ்சளிலேயே நின்றது. நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தது; மூன்று வாரத்துக்கு மேல் தண்ணீர் மாற்றாத தொட்டியில் அது எதிர்பார்த்ததுதான். ஒரு மூலையில் எச்சில் குமிழிகளால் அழகான கூடு ஒன்றைக் கட்டி வைத்திருந்தான். அன்று மாலை கால் பங்கு தண்ணீரை மாற்றியபோது எவ்வளவு கவனமாக ஊற்றியும் அது கலைந்துபோனது. வெகுநேரம் என்னை முறைத்தான். மறுநாள் காலை எதிர்மூலையில் புதிய கூட்டுக்கு நாலைந்து குமிழிகள் வைத்திருந்தான்.